ஆள் வேலை செய்கிறார்

சங்கரலிங்கம் கூடத்து மின்விசிறியைக் கழற்றி இறக்கி மூன்று நாளாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப் பரமசிவத்துக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

அக்கினி நட்சத்திரம் வேறு. நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் மே மாதத்து வெயில் கூரையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இறங்காது. கூடத்தின் நடுவே பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இறக்கை, கிண்ணம், பேரிங், செம்புக் கம்பி, ஒரு சின்ன ஸ்பிரிங் எல்லாவற்றையும் பரப்பி, நடுவில் சங்கரலிங்கம் சம்மணம் போட்டிருந்தான். மடியில் புத்தகம் திறந்திருந்தது. பரமசிவம் நாற்காலியில் உட்கார்ந்து, மகனுடைய கல்லூரியிலிருந்து வந்த சுற்றறிக்கையால் தனக்குத்தானே விசிறிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அப்போதைக்குக் காற்று வந்தது அந்தக் காகிதத்திலிருந்து மட்டும்தான்.

"ஃபேன்ல ஸ்பிரிங்கே கிடையாதேல" என்று சொல்ல அவர் நாக்கு துடித்தது. காகிதத்தில் இருந்த இரண்டாம் விதி அதைப் பிடித்துக்கொண்டது.

எல்லாம் அந்தச் சுற்றறிக்கையால் வந்த வினை. சங்கரலிங்கம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்து லீவுக்கு வந்த மறுநாளே அதுவும் தபாலில் பின்னாலேயே வந்தது. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பேராசிரியர் சக்கரபாணி என்பவர் எழுதியது. 'பொறியியல் கல்வி இதுவரை பாடத்தை நடுவில் வைத்தது. இனி மாணவரை நடுவில் வைக்கும். தானே யோசித்து, தானே தவறி, தானே எழுகிறவரே பொறியாளர்' என்று ஆரம்பித்து, 'மாணவர் மலர்ச்சித் திட்டம்' என்று பெயரும் வைத்திருந்தார்.

விதிகள் நான்கு. மாணவர் தன் வீட்டிலுள்ள ஒரு குறையைத் தானே தேர்ந்தெடுத்துச் சரிசெய்ய வேண்டும். பெற்றோர் உதவி, அறிவுரை, ஆறுதல், கண்டிப்பு எதுவும் தரக் கூடாது. தினமும் படிவத்தில் முயற்சி, தோல்விகளின் எண்ணிக்கை, கண்ட மலர்ச்சி ஆகியவற்றைப் பெற்றோர் எழுத வேண்டும். கடைசியில் பேராசிரியர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், மதிப்பெண் கிடையாது. படிவத்தின் அடியில் இரண்டே கட்டங்கள்: 'மலர்ந்தார்', 'மலரவில்லை'. மலராதவர் மூன்றாம் ஆண்டையே மறுபடியும் படிக்க வேண்டும்.

"ரோஜாச் செடி வாங்கினாக்கூட எரு போடு, தண்ணி ஊத்துன்னு சொல்லி அனுப்புவான். இவரு எட்டி நின்னு பாருங்காரு" என்று பரமசிவம் மனைவி பேச்சியம்மாளிடம் புலம்பினார்.

புலம்பலுக்குக் காரணம் இருந்தது. பரமசிவம் நிலக்கரி மைன்ஸில் ஃபோர்மேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹெல்ப்பராக வந்து சேர்ந்து இருபத்தாறு வருஷம். கரி சுமந்து பெல்ட் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டே எந்த ரோலரில் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் நேற்றுப் பட்டம் வாங்கி வருகிற டிரெயினிப் பையன், ஸ்பானரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "யோவ் பரமசிவம், இங்க வாய்யா" என்பான். இவர் "சார்" என்று போக வேண்டும். அடுத்த வருஷம் கம்பெனியில் டிரெயினி எடுக்கிறார்கள் என்று பேச்சு. அதற்கடுத்த வருஷம் இவருக்கு ரிட்டையர்மென்ட். நடுவில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு காலை, தன் மகன் இன்ஜினியர்களின் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு எதிரே வர, அவனுக்கு "குட் மார்னிங் சார்" சொல்லிவிட வேண்டும். பரமசிவத்துக்கு வாழ்க்கையில் வேறு ஆசை மிச்சமில்லை. பையன் ஒரு வருஷம் பின்தங்கினால் அந்தக் காலை வரவே வராது.

அதனால்தான் அவர் விதியை மீறப் பயந்தார். விதி என்றால் அவருக்கு ஏற்கெனவே ஒரு பைத்தியம் உண்டு. மைன்ஸில் ஓர் இயந்திரத்தில் ஆள் இறங்கி வேலை செய்தால் 'ஆள் வேலை செய்கிறார் – தொடாதே' என்று சிவப்புத் தகரப் போர்டை ஸ்விட்சில் மாட்டுவார்கள். மாட்டியவன் கையால்தான் அதைக் கழற்ற வேண்டும். இன்னொருவர் கழற்றியதால் ஒருவன் கை போனதைப் பரமசிவம் கண்ணால் பார்த்தவர். ஒருமுறை போர்டை மாட்டியவன் மறந்துபோய்ப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறிவிட்டான். பெரிய அதிகாரி நேரில் வந்து கத்தியும் பரமசிவம் தொடவில்லை. ஆள் திரும்பி வருகிறவரை இரண்டரை மணி நேரம் பெல்ட் நின்றது. அதற்காக அவருக்கு ஒரு மெமோவும் ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரே தபாலில் வந்தன.

மூலை நசுங்கிக் கழித்துப் போட்ட போர்டு ஒன்று வீட்டிலும் இருந்தது. டியூப்லைட் மாற்றினாலும் மெயின் ஸ்விட்சில் அதை மாட்டிவிட்டுத்தான் மாற்றுவார். அந்த வீட்டில் சாமி படத்தைக்கூடத் தொட்டு நகர்த்தலாம். போர்டை நகர்த்த முடியாது.

வெள்ளிக்கிழமை காலை விசிறியை மாட்டிப் பார்த்து, அது சுற்றாமல் போக, சங்கரலிங்கம் மாட்னி ஷோவுக்குப் போனான்.

பரமசிவம் வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "ஏ பேச்சி, ஸ்டூலப் பிடி."

"ரூலு?"

"ரூலு அவன் இருக்கும்போதுதான்."

ஒரு மணி நேரத்தில் விசிறி இறங்கி, மறுபடி மேலேறி மெத்தென்று சுற்றியது. ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் மகனுடைய பால்பாயின்ட் பேனாவில் ஸ்பிரிங் இல்லை என்று தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு, 'தோல்வி: 4. மலர்ச்சி: விசிறி சுற்றுகிறது' என்று பென்சிலால் எழுதினார்.

சங்கரலிங்கம் வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"இது எப்பிடிப்பா சுத்துது?"

"நீ காலைல மாட்டினதுதானல."

"நான் மாட்டினப்ப சுத்தல. கணக்குப்படி சுத்தவே கூடாது."

"சுத்துதுல்லா, விட்டுரு."

"ஏன் சுத்துதுன்னு தெரியாம எப்பிடிப்பா விடறது?"

மறுபடியும் ஸ்டூல், மறுபடியும் செய்தித்தாள். சனிக்கிழமை காலை விசிறி புகைந்தது. செம்புக் கம்பிக் காயில் கருகிய நாற்றம் மூன்று வீடு தாண்டிப் போனது.

காயிலை எப்படிச் சுற்றியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு இன்னொரு மோட்டார் தேவைப்பட்டது. அடுக்களையில் கிரைண்டர் இருந்தது. மதியத்துக்குள் அதுவும் செய்தித்தாளுக்கு வந்துவிட்டது. பேச்சியம்மாள் ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துவீட்டு ருக்குமணியிடம் போனாள். ருக்குமணி மாவும் அரைத்துக் கொடுத்து, வியர்வையில் நனைந்து வந்தவளைப் பார்த்து இரக்கப்பட்டுத் தன் டேபிள் ஃபேனையும் கொடுத்தனுப்பினாள். இரக்கத்துக்கு அன்று நேரம் சரியில்லை.

"ஓடற ஃபேன் எப்பிடி ஓடுதுன்னு பார்த்தாதான் ஓடாத ஃபேன் ஏன் ஓடலன்னு தெரியும்" என்றான் சங்கரலிங்கம், ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை காலை ருக்குமணியின் டேபிள் ஃபேனை இணைத்துப் பார்த்ததில் மெயின் ஃபியூஸே போனது. தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் அனுப்புகிற ஊரில் அந்த ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. பரமசிவம் கொஞ்ச நேரம் யோசித்தார். குவார்ட்டர்ஸின் ஃபியூஸ் கம்பெனிச் சொத்து; மகனின் மலர்ச்சிக்குள் அது வராது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, போர்டை மாட்டி, ஃபியூஸைப் போட்டார்.

அப்போது பாத்திரம் தேய்க்கிற செங்கமலம் பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது.

"என்ன செங்கமலம்?" என்றாள் பேச்சியம்மாள்.

"எங்க வூட்டுக்காரரு நேத்து மைன்ஸுல சேத்துல வழுக்கி வுழுந்து கால முறுக்கிக்கினாரும்மா. ஊன முடியல. ஒரு வாரம் பேரு கூப்புடறப்ப ஆளு இல்லன்னா காண்ட்ராக்டுக்காரன் பேர அடிச்சிடுவான். எட்டு வருசமா பெர்மனென்ட் ஆவும் ஆவும்னு காத்துக்கினு இருக்காரு."

"எல்லாருக்கும் ஒரு கஷ்டம்" என்றார் பரமசிவம். அவர் கண் கிரைண்டரின் வயிற்றில் இருந்தது.

செங்கமலமும் அதைப் பார்த்தாள். "ஐயா, முத்தாண்டிக்குப்பத்துல இருந்தப்ப எங்க வூட்டுக்காரரு இந்த மாதிரி மோட்டார…"

"மூச்! யாரும் எதுவும் சொல்லக் கூடாது. ரூல்."

அவள் பின்கட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் படிவத்தில் தோல்வி பதினொன்று. மலர்ச்சிக்கு எதிரே ஒரு கோடு. சங்கரலிங்கம் சுவரில் சாய்ந்து, கையெல்லாம் கிரீஸோடு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா."

"ம்."

"எனக்கு இது வரலப்பா."

பரமசிவம் நிமிர்ந்தார்.

"மூணு வருஷமா பிளாக்போர்டுல எழுதிப் போட்டாங்க. பார்த்து எழுதினேன், மார்க் போட்டாங்க. ஒரு மோட்டார்கூடத் தொட்டதில்ல. இப்ப திடீர்னு மலருன்னா எப்பிடிப்பா? எனக்கு என்ன வரும்னு அங்கயும் யாரும் கேக்கல. இங்கயும் கேக்கல."

சொல்வதற்குப் பரமசிவத்திடம் நிறைய இருந்தது. தானும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பம்பு மோட்டாரை எரித்துவிட்டு கேன்டீனுக்குப் பின்னால் நின்று அழுததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சுற்றறிக்கை மடியில் இருந்தது. உதவி, அறிவுரை, ஆறுதல், கண்டிப்பு. ஆறுதலைக்கூட மறக்காமல் எழுதிவைத்திருந்தார் அந்த மனிதர். பரமசிவம் வாயை மூடிக்கொண்டார்.

பையன் ஒரு நிமிஷம் காத்திருந்தான். பிறகு எழுந்து, செங்கமலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பின்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பன் என்று ஒருவன் இருந்து என்ன பிரயோஜனம் என்று பரமசிவம் தன்னையே வைதுகொண்டார்.

திங்கட்கிழமை காலை அவர் எழுந்து வந்தபோது கூடம் சுத்தமாக இருந்தது. விசிறி, கிரைண்டர், டேபிள் ஃபேன், செய்தித்தாள் எதுவும் இல்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் சிவப்புப் போர்டு தொங்கியது.

ஆள் வேலை செய்கிறார் – தொடாதே.

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பேச்சி! இங்க வந்து பாரு. எம் பிள்ள போர்டு மாட்டியிருக்கான்!"

"காப்பி குடிச்சானா?"

"அதுவா முக்கியம்? போர்டு மாட்டணும்னு தோணிச்சு பாரு, அதுதாண்டி இன்ஜினியரு."

பின்கட்டிலிருந்து செங்கமலம் வந்தாள். அந்த அறைக்குக் கொல்லைப்பக்கம் இன்னொரு கதவு உண்டு. "தம்பி சொல்லிட்டாருங்க. வேல முடியறவரிக்கும் யாரும் கூப்புடக் கூடாதாம். சோறு தண்ணி நான் கொல்லப் பக்கமா குடுத்துடறேன். ராத்திரி உள்ளயே படுத்துக்கறாராம்."

"பிள்ளையப் பெத்தவ நானு, எனக்குமா?" என்று பேச்சியம்மாள் கதவை நோக்கி நடந்தாள்.

"தொடாத!" என்று பரமசிவம் போட்ட சத்தத்தில் பக்கத்துவீட்டு ருக்குமணி எட்டிப் பார்த்தாள்.

அன்று மாலை டியூட்டி முடிந்து வந்தவர் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக் காதைக் கொடுத்தார். உள்ளே டக், டக் என்று சுத்தியல் சத்தம். அளவாக, ஆத்திரப்படாமல், தட்டி, நிறுத்தி, திருப்பி, மறுபடி தட்டுகிற சத்தம்.

"இது கத்துக்குட்டி தட்டு இல்ல பேச்சி. கை பழகின தட்டு. எங் காது பொய் சொல்லாது."

"ஒரே நாள்லயா?"

"அதான் மலர்ச்சி."

செவ்வாய்க்கிழமை கொல்லைப்பக்கமாகக் கிரைண்டர் வெளியே வந்தது. முன்பு தடதடவென்று பக்கத்து பிளாக் வரை கேட்கும். இப்போது குழவி சுற்றுவதே தெரியவில்லை. அடியில் பழைய பெல்ட் ரப்பரை வட்டமாக வெட்டி மெத்தை மாதிரி வைத்திருந்தது. பரமசிவம் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். தனக்கே தோன்றாத யோசனை. படிவத்தில் மலர்ச்சிக் கட்டம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினார்.

பேச்சியம்மாளுக்கு மட்டும் சந்தோஷம் முழுசாக வரவில்லை.

"வழக்கமா ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டான். இப்ப ஆறு போவுது."

"வேலை செய்யுதான்லா."

"உள்ளேருந்து பீடி நாத்தம் வருதுங்க."

பரமசிவம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வந்தது. முகம் விழுந்துவிட்டது. சுற்றறிக்கையை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பீடியைப் பற்றி எதுவும் இல்லை. இருந்தாலும் கண்டிப்பு கூடாது என்று இருக்கிறதே. "படிப்பு முடியட்டும், பேசிக்கிடுவோம்" என்றார் சோர்வாக.

புதன்கிழமை மைன்ஸில் ஒரு விஷயம் நடந்தது. பரமசிவம் மேலே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். கீழே காண்ட்ராக்ட் ஆட்கள் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிய மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். புழுதிக்காக எல்லோரும் முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். பெல்ட் நின்றிருந்தது. மேஸ்திரி ஒருவனை அடியில் நுழையச் சொல்லி விரட்டினார். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். ஸ்விட்சைக் காட்டி ஏதோ சொன்னான். மேஸ்திரி கையை ஓங்கினார். அவன் அசையவில்லை. கடைசியில் தானே போய்ப் போர்டை வாங்கிவந்து ஸ்விட்சில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

பரமசிவம் மேலிருந்து கத்தினார். "மேஸ்திரி! யாருய்யா அது?"

"ராஜாங்கம்ங்க, வடக்குத்து! ஒரே ரோதனைங்க இந்தாளோட!"

"அவரு சொல்றதுதான்யா சரி! கையை இறக்கு!"

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்கட்டுக்குப் போனார்.

"செங்கமலம், உன் வீட்டுக்காரர் பேரு ராஜாங்கம்தான?"

செங்கமலம் கையிலிருந்த குண்டான் நழுவித் தரையில் உருண்டது. "ஆ… ஆமாங்க."

"கால் சரியாயிட்டு போலிருக்கே. இன்னிக்கு மைன்ஸ்ல பார்த்தேன்."

"பா… பாத்தீங்களா?"

"பார்த்தேன். நல்ல ஆளு! இருபத்தாறு வருஷத்துல போர்டுக்காக மேஸ்திரிய எதிர்த்து நின்ன காண்ட்ராக்ட் ஆள நான் பார்த்ததில்ல. படிச்சவனுக்கு இல்லாத புத்தி." அவர் பின்னறைக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இவனும் அந்த மாதிரி ஒரு ஆளா வந்தாப் போதும். நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

செங்கமலம் குண்டானை எடுத்து, தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

வியாழக்கிழமை கூடத்து விசிறி வெளியே வந்தது. புதிதாகச் சுற்றிய காயில்; சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை ருக்குமணியின் டேபிள் ஃபேனும் வந்தது. முன்பு நேராக மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஃபேன் இப்போது இரண்டு பக்கமும் தலையைத் திருப்பியது. ருக்குமணி தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பரமசிவம் லீவு போட்டார். மதியம் மூன்று மணிக்குப் பேராசிரியர் சக்கரபாணி வந்தார். மெலிந்த மனிதர், தோளில் துணிப்பை, பை நிறையப் படிவங்கள். ஆனால் அவர் முகத்தில்தான் மலர்ச்சியே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் பேச்சியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தோரு வீடு பார்த்தாச்சு சார். விழுப்புரத்துல ஒரு வீட்டுல ரேடியோவ சரிபண்ணினேன்னு காட்டினான், கடையில வாங்கின பில்லு உள்ளயே இருந்தது. இன்னொரு வீட்டுல ஆசாரி இன்னும் வேலைய முடிக்கல, என்னைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. நாற்பத்தோரு வீட்டுலயும் அப்பாக்கள்தான் மலர்ந்திருக்காங்க."

பரமசிவம் கிரைண்டரைப் போட்டுக் காட்டினார். பேராசிரியர் எழுந்தார். ரப்பர் மெத்தையைக் குனிந்து பார்த்தார். விசிறியை அண்ணாந்து பார்த்தார். டேபிள் ஃபேன் தலையைத் திருப்பியபோது அவரும் தலையைத் திருப்பினார்.

"இந்த ரப்பர் யோசனை யாரோடது?"

"உள்ள இருக்கவனோடதுதான் சார்."

"நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல சார். போன வாரம் வெள்ளிக்கிழமை விசிறில மட்டும் கை வச்சேன், அது தப்பு, படிவத்துல திருத்திருக்கேன். இந்த ஆறு நாளும் கிட்டவே போகல. அவன் மூஞ்சியக்கூடப் பார்க்கல. பாருங்க, கதவு."

பேராசிரியர் போர்டைப் பார்த்தார். பரமசிவம் அதன் கதையைச் சொன்னார். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும் என்பதைச் சொன்னபோது பேராசிரியர் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"இதத்தான் சார் நான் பத்து வருஷமா சொல்றேன். நாங்க பையன் மண்டைய எப்பப் பார்த்தாலும் திறந்து திறந்து எதையாவது போட்டுக்கிட்டே இருக்கோம். அவன் உள்ள வேலை செய்யறான், தொடாதேன்னு ஒரு போர்டு மாட்ட விடறதில்ல." அவர் நோட்டை மூடினார். "நாற்பத்திரண்டாவது வீட்டுல ஒரு அப்பா அதச் செஞ்சிருக்கார்."

பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேராசிரியர் படிவத்தை மேசைமேல் விரித்து, 'மலர்ந்தார்' கட்டத்துக்குமேல் பேனாவைக் கொண்டுபோய், நிறுத்தினார்.

"மாணவரோட கையெழுத்து வேணும். ஒரு நிமிஷம் கூப்பிடுங்க."

"சங்கரு!" என்று கூப்பிட்டார் பரமசிவம்.

உள்ளே டக் டக் சத்தம் நின்றது. பதில் வரவில்லை.

"ஏல சங்கரு! புரபசர் சார் வந்திருக்காங்க. போர்ட எடுத்துட்டு வெளிய வால!"

உள்ளே யாரோ இருமி, இருமலைப் பாதியில் விழுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கடிகாரம் நாலடித்தது. நாலரைக்குப் பேராசிரியருக்குப் பஸ். பலாச்சுளை சாப்பிட்டார். நான்கு இருபது ஆனது. அவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"ஆளைப் பார்க்காம நான் டிக் பண்ண முடியாது சார். என் திட்டத்துக்கே விரோதிங்க நிறைய. கையெழுத்து இல்லாத படிவத்த மலரவில்லைன்னுதான் எடுத்துக்குவாங்க. எனக்கு மனசு கேக்கல, ஆனா…"

பரமசிவம் போர்டைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம். பெரிய அதிகாரி கத்தியபோதுகூடக் கழற்றாத கை. அதே கையால்தான் போன ஞாயிற்றுக்கிழமை சுற்றறிக்கையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்கு ஓர் ஆறுதல் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் விதி, இன்றைக்கும் விதி. விதியைக் காப்பாற்றி என்ன கண்டோம், பிள்ளை நாசமாகப் போகிறானே என்று அவருக்கு வெறுத்துப்போனது.

"போனா என் மானம்தான போகும், போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். போர்டின் சங்கிலியில் விரலை வைத்தார்.

"தொடாதீங்க ஐயா!"

கொல்லைப்பக்கத்திலிருந்து செங்கமலம் ஈரக்கையோடு ஓடிவந்து கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். மூச்சு வாங்கியது. பேராசிரியரைப் பார்த்தாள், பேச்சியம்மாளைப் பார்த்தாள், கடைசியில் பரமசிவத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"மாட்டனவங்கதான கழட்டணும், மாட்டனது நானுங்க, உள்ள கால நீட்டிக்கினு வேல செய்யறது எங்க வூட்டுக்காரரு, அவரு பேரு அடிபடாம இருக்க ஆறு நாளா உங்க மைன்ஸுல மண்ணு வாரிக்கினு இருக்கறது நம்ம தம்பி… புதங்கெழம நல்ல ஆளுன்னு சொன்னீங்களே ஐயா, அது நீங்க பெத்த புள்ளையத்தாங்க."